வண்டியிலிருந்து பேசுறோம்

"நிலையத்தோட வரலாறு நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம். நிறைவு விழா மலர்ல போடணும்" என்று நந்தகுமார் கேட்டார். நந்தகுமார் எங்கள் கல்லூரியின் நிர்வாக அலுவலர். பதின்மூன்று வருடம் ஓடின ஒரு வானொலியை மூடுவதற்கு விழா எடுத்து, அதற்கு மலரும் போடலாம் என்று யோசிக்கத் தெரிந்த மனிதர். எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம், ஆறு போட்டோ. அதில் பொய் எதுவும் கிடையாது. சொல்ல வேண்டியதும் எதுவும் கிடையாது. அதை இங்கே எழுதுகிறேன், எந்த மலரும் இதைப் போட வேண்டாம்.

நான் மைதிலி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் வானொலியில் அறிவிப்பாளர், தயாரிப்பாளர், ஏசி ரிப்பேர் ஆனால் ஆள் கூப்பிடுகிறவள், எல்லாம். பெயர்ப்பலகையில் 'செம்மண் சமுதாய வானொலி' என்று இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 'காலேஜ் ரேடியோ' என்பார்கள். பழைய சேர்மன் ஆசைப்பட்டு ஆரம்பித்தது. மெக்கானிக்கல் பிளாக் மாடியில் ஒரு கோபுரம், அதன் கீழே முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி ஒரு ஸ்டுடியோ. எதிரொலி வராமல் இருக்க அதுதான் மலிவு. எங்கள் பக்கம் முட்டை அட்டைக்கா பஞ்சம்?

குரல் பத்து மைல் போகும். அதற்கு மேல் சர்க்காரும் விடாது, எங்கள் கோபுரத்துக்கும் தெம்பு இல்லை. மாடு ஈனுவதைப் பற்றி டாக்டர் பேசுவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறள் சொல்லும், மரவள்ளிக்கிழங்குக்கு மாவுப்பூச்சி மருந்து சொல்வோம். இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் சாயந்திரம் ஆறு ஐம்பதுக்கு முட்டை விலை சொல்வேன். அதைக் கோழிப்பண்ணை வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். முட்டை விலை முடிந்ததும் ஏழு மணிக்கு 'வண்டியிலிருந்து பேசுறோம்'. அதை எல்லா வீட்டிலும் கேட்டார்கள்.

வண்டி என்றால் போர்வெல் வண்டி. ரிக்கு வண்டி என்பார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது ரிக்கில் போயிருப்பார்கள். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எட்டு மாதம், பத்து மாதம் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துக்கொண்டு திரிவார்கள். இரண்டாயிரத்துப் பத்தில் வெளிமாநிலத்திலிருந்து பேசினால் காசு கரையும். ஒரு தரம் ரேடியோவுக்குக் கூப்பிட்டால் பெண்டாட்டி, அம்மா, மாமனார், பங்காளி எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டுவிடுவார்கள். அதனால் கூப்பிட்டார்கள். அதற்கு ஒரு முறை தானாக உண்டானது. பேர் சொல்வார்கள். வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்வார்கள். எத்தனை அடி போட்டார்கள், தண்ணீர் வந்ததா, புகைதானா என்று சொல்வார்கள். புகை என்றால் வெறும் தூசி, குழி பொய்த்தது என்று அர்த்தம். கடைசியில் "சாப்பிட்டாச்சுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லவே மாட்டார்கள். தேதி. எப்போது வருவேன் என்று சொல்ல மாட்டார்கள், இன்றைக்கு என்ன தேதி என்றுகூட வாயைத் திறக்க மாட்டார்கள். தேதி சொன்னால் துளைக்கிற ராடு குழிக்குள் சிக்கிக்கொள்ளும் என்று ரிக்குக்காரர்களுக்கு ஒரு பயம். ஆரம்பத்தில் ஒரு தரம் தெரியாமல் "எப்பங்க ஊருக்கு?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். "கெரகம், உங்களுக்கு வேற கேள்வியே கெடைக்கலியா?" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் நானும் கேட்டதில்லை, நானும் தேதி சொன்னதில்லை. பதின்மூன்று வருடத்தில் பதிவு செய்து வைத்த எந்தக் குரலிலும் தேதி கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போகப் போக எல்லார் கையிலும் வாட்ஸ்அப் வந்தது. முகம் பார்த்தே பேசலாம் என்று ஆனபிறகு ரேடியோவுக்கு எவன் கூப்பிடுவான்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஒரு நாளைக்கு ஆறு பேர் பேசினது வாரத்துக்கு ஆறு பேர் ஆனது. கடைசி இரண்டு வருடம் தவறாமல் கூப்பிட்டது ஒரே ஒருத்தன். கவின். செவ்வாய்க்கிழமை தோறும், ஏழு மணிக்கு.

அவன் ஏன் கூப்பிட்டான் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. மேட்டுக்காட்டில் சென்னிமலை என்றால் பெரிய குடும்பம், ஆறு ஏக்கரா, மூன்று ஷெட் கோழி. கவின் அவருடைய ஒரே பையன். ரிக்கில் ஒரு வருடம் போய் வந்தவன், சொந்தக் காட்டில் போர்வெல் போட்டே தீர வேண்டும் என்று அப்பனைப் பிடித்து ஒத்துக்கொள்ள வைத்தான். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் வேண்டாம் என்றார். "தேங்காய்க்கு என்னங்கய்யா தெரியும்?" என்று கேட்டிருக்கிறான். மூன்று குழி, ஒவ்வொன்றும் ஆயிரம் அடிக்கு மேல். மூன்றும் புகை. கடைசியில் இரண்டு ஏக்கராவை விற்க வேண்டி வந்தது. சென்னிமலைக்கு நிலம் போனதுகூடப் பெரிதில்லை, பங்காளிக்கு விற்க வேண்டி வந்ததுதான் தாங்கவில்லை. "உம்பட கொரலு இனி இந்த ஊட்டுல கேக்கக்கூடாது" என்று பையனை வெளியே அனுப்பினார். அதோடு விட்டாரா? பெண்டாட்டி சௌந்திரத்தைக் கருப்பணார் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அவனோடு பேசமாட்டேன் என்று.

இதையெல்லாம் சௌந்திரமேதான் எனக்குச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் டவுன் பஸ் ஏறி, ஒரு கட்டு முருங்கைக்காயோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். ஐம்பது வயது தாண்டின, வெயிலில் கறுத்த, கூச்சமான மனுஷி. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நேத்து அவன் பேசுனப்ப நீங்க 'மறு ஒலிபரப்பு'ன்னீங்களே, அப்படீன்னா என்னங்க?"

"பழைய பதிவுங்க. நேத்து அவர் கூப்பிடலை. நேரத்தை ரொப்பணுமில்ல, அதுக்குப் போன மாசம் பேசுனதைப் போட்டேன்."

"அப்ப நேத்து அவனுக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. காட்டுக்குள்ள டவர் கெடைச்சிருக்காது."

அந்த முகம் கூம்பிப் போனதை நான் பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று சொன்னார். பக்கத்து வீட்டுப் போனில் ஒரு வார்த்தை பேசிவிடலாமே என்றேன். "சத்தியம் பண்ணியிருக்கறனுங்களே. பேசமாட்டேன்னுதான் பண்ணேன், கேக்கமாட்டேன்னு பண்ணலை. அதான் ரேடியோவுல கேட்டுக்கறேன்" என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லையா என்று கேட்டேன். "முட்டை வெலை கேக்கோணுமில்லீங்க, அதனால ரேடியோவ நிறுத்த மாட்டாரு. வெலை முடிஞ்சதும் எந்திரிச்சு மாடு கட்டுற கட்டுத்தரைக்குப் போயிருவாரு. அவன் பேசி முடிச்ச பொறவுதான் ஊட்டுக்குள்ள வருவாரு."

அடுத்த வாரம் முதல் 'மறு ஒலிபரப்பு' என்ற வார்த்தையை நான் விட்டுவிட்டேன். இரக்கத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி இரக்கம். மீதிப் பாதி சோம்பேறித்தனம், அதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் இத்தனை மணி நேரம் மக்கள் பங்கேற்பு இருக்க வேண்டும் என்று நந்தகுமாருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எவனும் கூப்பிடாத நாளில் பழைய குரலை எடுத்துப் போட்டால் பங்கேற்பும் ஆச்சு, எனக்கும் வேலை மிச்சம். தேதியே இல்லாத குரல்கள். எந்த வருடத்தியதைப் போட்டாலும் அது அன்றைக்குப் பேசினது மாதிரியே இருக்கும். எண்ணூறு அடி, ரெண்டு இஞ்சுத் தண்ணி, சாப்பிட்டாச்சுங்க. யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த வருடம் ஜனவரி முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை கவின் கூப்பிட்டான். குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. "எழுநூத்தம்பது அடிங்க, புகைதான். கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லிக்கறேன், சாப்பிட்டாச்சு" என்றான். எப்போதும் அப்படித்தான் சொல்வான். அம்மா என்ற சொல் அவன் வாயில் வராது, அப்பனுக்குக் கேட்டால் அம்மாவுக்குத்தான் ஏச்சு என்று பயம். அடுத்த செவ்வாய் கூப்பிடவில்லை. இரண்டு முறை நானே அவன் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன், சுவிட்ச் ஆஃப். டவர் இல்லாத காடு என்று நினைத்துக்கொண்டு, போன வருடத்துக்கு முந்தின வருடப் பதிவு ஒன்றை எடுத்துப் போட்டேன். பிப்ரவரி ஏழு, பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு. மார்ச் ஏழு. வாரா வாரம் போட்டேன். மூன்றாவது வாரம் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தியதோடு சரி, டீ குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி மத்தியானம் சென்னிமலை ஸ்டுடியோவுக்கு வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, நல்ல உயரம், கையில் கோழி மருந்துக் கம்பெனி கொடுத்த மாதக் காலண்டர் சுருட்டி வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் கவினோட அப்பன். எனக்கொரு நம்பரு வேணுமுங்க. போன மாசம் இருவத்தொண்ணாந் தேதி செவ்வாக்கெழமை அவன் பேசினானே, எந்த நம்பர்ல இருந்து பேசினான்?"

காலண்டரை மேசையில் விரித்தார். செவ்வாய்க்கிழமை ஒவ்வொன்றையும் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். '750 புகை'. '820 தண்ணி'. '640 தண்ணி'. கட்டுத்தரையில் நின்றுகொண்டு இந்த மனிதர் ஒரு வாரம் விடாமல் கேட்டிருக்கிறார்.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

வையப்பமலைப் பக்கத்து ஆள் ஒருவர், வேலுசாமி, கவினோடு அதே வண்டியில் டிரில்லர். அவர் முந்தின நாள் ஊருக்கு வந்தவர், யாருக்கும் தெரியாமல் சென்னிமலையை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கவினின் பையையும் போனையும் கொடுத்திருக்கிறார். பிப்ரவரி இரண்டாம் தேதி கவினுக்குக் கடுங்காய்ச்சல். வண்டி அன்றைக்கே அடுத்த பாயிண்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், டவுனுக்குப் போய் ஊசி போட்டு வா என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். போன் வண்டிக் கேபினில் சார்ஜில் இருந்தது, அவசரத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் திரும்பி வரவில்லை. ஊருக்கு ரயில் ஏறியிருப்பான் என்று நினைத்துவிட்டார்கள். வேலுசாமி ஊர் திரும்பும் வழியில் மனசு கேட்காமல் அந்த டவுன் ஆஸ்பத்திரியில் இறங்கி விசாரித்திருக்கிறார். பெயர் தெரியாத ஆள் ஒருவர், பஸ்ஸில் நினைவில்லாமல் கிடந்து கொண்டுவரப்பட்டவர், பதினேழு நாள் படுக்கையில் இருந்து பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி இறந்துபோனதாகச் சொல்லி ஒரு போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். கேட்டு யாரும் வராததால் அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"அந்தப் போட்டோவ வேலுசாமி தன்னோட போன்ல புடிச்சாந்து காட்டுறானுங்க. மொகமெல்லாம் வீங்கிக் கெடக்குது. கவின்தான்னு அடிச்சுச் சொல்றான். நாஞ் சொன்னேன், அட போடா, பத்தொம்பதாந் தேதி செத்தவன் இருவத்தொண்ணாந் தேதி எப்படிடா பேசுவான்? இருவத்தெட்டும் பேசுனான், முந்தாநேத்தும் பேசுனான். எங்காதால கேட்டேன்." காலண்டரைத் தட்டினார். "அது வேற ஆராச்சுமுங்க. இவன் வேற வண்டில ஏறியிருக்கான். நம்பரு மட்டுங் குடுங்க. நானே பேசறேன். நானே பேசி வரச் சொல்றேன்."

அந்த மனிதரின் கண்ணில் இருந்த நம்பிக்கையை நான்தான் வைத்தேன். நான்தான் எடுக்க வேண்டும். சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, ஒவ்வொரு பதிவும் எந்த வருடத்தியது என்று காட்டினேன். இருபத்தொன்றாம் தேதி போட்டதைக் கேட்க வைத்தேன். அது அவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் பேசினது.

அப்புறம்தான் உட்கார்ந்தார். என்னை அடிப்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வண்டி மொதலாளியோட மேனேஜரு போன மாசம் பத்தாந் தேதி எனக்குப் போன் பண்ணுனாருங்க" என்றார். "உங்க பையனைக் காணோம், ஊட்டுக்கு வந்தானா, இல்லீன்னா ஆஸ்பத்திரி, போலீசுன்னு தேடச் சொல்றேன்னாரு. நாந்தான் வேண்டாமுன்னு சொன்னேன். ஏழாந் தேதிகூட ரேடியோவுல பேசினானே, நல்லாத்தான் இருக்கான்னு சொன்னேன்."

பத்தாம் தேதி அவன் உயிரோடு இருந்தான். அதற்குப் பிறகும் ஒன்பது நாள் இருந்தான். ஒரு ஆள் போய் "இவன் கவினுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். பிழைத்திருப்பானோ என்னவோ, பேராவது தெரிந்திருக்கும். இந்தக் கணக்கை அவரும் போட்டார், நானும் போட்டேன்.

எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "சௌந்திரத்துகிட்ட நானே சொல்லிக்கறேன். அது வரைக்கும் நிறுத்தீராதீங்க. திடீர்னு நின்னா அவ கேப்பா. நான் சொல்றதுக்கு ஒரு ரெண்டு நாளு வேணும்."

இரண்டு நாள் ஆனது. ஒரு வாரம் ஆனது. அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் மேனேஜருக்குத் தான் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. மார்ச் பதினாலாம் தேதி ஒரு பதிவு போட்டேன், இருபத்தொன்றாம் தேதி இன்னொன்று. செத்தவன் குரல் என்று தெரிந்தே போட்டேன். 'சாப்பிட்டாச்சு' என்று அவன் சொல்லும் இடம் வரும்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவேன். கோழை என்றால் நான்தான் கோழை. அவரும்தான்.

இதற்கு நடுவில்தான் புதுச் சேர்மன், பழைய சேர்மனின் மகன், மார்ச் முப்பத்தொன்றோடு வானொலியை மூடிவிடுவது என்று முடிவெடுத்தார். ஸ்டுடியோவை நீட் கோச்சிங் வகுப்பாக மாற்றப் போகிறார்கள். முட்டை அட்டைகளை உரிக்க ஆள் பேசியாகிவிட்டது. மூடப்போகிற செய்தியைத் தினமும் இரண்டு தரம் நானே அறிவித்தேன். கேட்ட யாரும் ஏன் என்று போன் செய்யவில்லை.

சௌந்திரம் மட்டும் வந்தார். கடைசிச் செவ்வாய்க்கிழமை, மார்ச் இருபத்தெட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு. நெற்றியில் கோயில் திருநீறு, கையில் ஒரு தூக்குப்போசி. உள்ளே பொங்கல் இருந்தது.

"காலைல கருப்பணாருக்குப் பொங்க வெச்சுட்டு வந்தனுங்க. சத்தியத்தை எறக்கி வெச்சாச்சு. சாமி குத்தம் வந்தா என்னோட போவட்டும்" என்று சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வெள்ளிக்கெழமையோட ரேடியோ நின்னுருமாமே? அப்பறம் அவன் கொரலக் கேக்கறதுக்கு எனக்கு ஏதுங்க வழி? அதான் இன்னைக்கு நானே பேசீறலாம்னு வந்தேன்."

"அம்மா, இது பத்து மைலுதான் போகும். அவருக்குக் கேக்காதுங்க."

"தெரியுமுங்க. ஆனா ஊரு பூரா ரிக்குக்காரங்க ஊடுதானே. ஆராச்சும் கேட்டுட்டு, உங்கம்மா பேசினாங்கடான்னு அவனுக்குச் சொல்ல மாட்டாங்களா?"

"வீட்டுல அய்யா ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"அதையேனுங்க கேக்கறீங்க! அவரு மனசு எறங்கிட்டாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்துப் பதினஞ்சு நாளா முட்டை வெலை முடிஞ்சாலும் எந்திரிச்சுப் போறதில்ல. எம்பக்கத்துலயே உக்காந்துக்கறாரு. போன வாரம் கவினு பேசுறப்போ துண்டுல மொகத்தைத் தொடைச்சாரு, நான் பாத்தேன். சோறும் சரியா உங்கறதில்ல. பெத்த பாசம் எங்க போகும்? அதான் எனக்கும் தைரியம் வந்துது. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. இப்ப ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆறு இருபது மணி, இருவரும் தனியாக, கதவு சாத்தியிருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "அம்மா" என்று ஆரம்பித்தேன். அவர் தூக்குப்போசியைத் திறந்து, இலைத் துண்டில் பொங்கலை வைத்து என் கையில் கொடுத்தார். நான் தின்றேன். அது ஒன்றுதான் அப்போது எனக்குச் செய்ய முடிந்தது.

ஆறு ஐம்பதுக்கு முட்டை விலை சொன்னேன். ஏழு மணிக்கு அவருக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, மைக்கைத் திறந்தேன். தண்ணீர் கொடுத்தேன்.

"கவினு" என்றார். "சாமி, அம்மா பேசறேன். கேக்குதா? கேக்காது, தெரியும். ஆராச்சும் சொல்லுவாங்க. நாலு வருசமாச்சு கண்ணு உங்கிட்டப் பேசி. நீ வாரா வாரம் சாப்பிட்டேன், சாப்பிட்டேன்னு சொல்லுவே. என்ன சாப்பிட்டேன்னு கேக்க முடியலியேன்னு தவிச்சுப் போவேன். அந்தூருல என்னத்தப் போடுவாங்க, ரொட்டியப் போடுவாங்க. உங்கய்யன் மாறிட்டாரு சாமி. குழி பொய்ச்சா என்ன, பொய்க்காத குழி எங்க இருக்குது? ஊட்டுக்கு வந்துரு. தேதி சொல்ல வேண்டாம், உங்க வண்டிக்கு ஆகாது. சும்மா ஒரு நாளு வந்து வாசல்ல நில்லு, போதும்."

அப்போது போன் விளக்கு எரிந்தது. எங்கள் ஸ்டுடியோவில் மணி அடிக்காது. மைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியும்.

சௌந்திரம் அதைப் பார்த்துவிட்டார். மைக் திறந்திருப்பது மறந்துபோய், "அவந்தாங்க! அவனேதான், செவ்வாக்கெழமையில்ல!" என்று கத்தினார். அந்த முகத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

"சென்னிமலைங்க. லைன்ல போடுங்க."

"அய்யா, வேண்டாமுங்க. நேர்ல வந்து சொல்லுங்க" என்று மைக்குக்கு முதுகைக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"நேர்ல என்னால ஆகலீங்க. இருவது நாளாப் பாத்துட்டேன். அவ மூஞ்சியப் பாத்தா வாயே வரமாட்டீங்குது. போடு சாமி. இதுலயாச்சும் சொல்லீர்றேன்."

போட்டேன்.

"மேட்டுக்காட்டுல இருந்து சென்னிமலை பேசறேன்" என்றார். வண்டிக்காரர்கள் ஆரம்பிக்கிற மாதிரியே ஆரம்பித்தார். இத்தனை வருடம் கேட்டவராயிற்றே.

சௌந்திரம் திகைத்து என்னைப் பார்த்தார். பிறகு வெட்கத்தோடு, "நீங்களா? கோவிச்சுக்காதீங்க, நான்தான் சொல்லாம வந்துட்டேன்" என்றார்.

"கோவமில்ல சௌந்திரம். அவன் வரமாட்டான்."

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வருவானுங்க."

"பையன் செத்துட்டான் சௌந்திரம். காச்சல்ல கெடந்து, ஆசுபத்திரியில செத்துட்டான். தேடறேன்னு சொன்னவங்களை நாந்தான் வேண்டாமுன்னுட்டேன். அவன் நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன்."

நான் எதையும் அணைக்கவில்லை. பத்து மைல் சுற்றளவில் எத்தனை வீட்டில் அது கேட்டதோ தெரியாது. சௌந்திரம் அழவில்லை, அலறவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எந்தத் தேதி?"

ஆரம்பத்தில் நான் தெரியாமல் கேட்டதை விட்டால், பதின்மூன்று வருடத்தில் அந்த நிகழ்ச்சியில் தேதி கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"பிப்ரவரி பத்தொம்பது. ஞாயித்துக்கெழமை" என்றார் சென்னிமலை. அந்தப் பக்கம் போன் வைக்கிற சத்தம் கேட்டது.

சௌந்திரம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபத்தொன்று, இருபத்தெட்டு, ஏழு, பதினாலு, இருபத்தொன்று. ஒரு கை முடிந்தது. மடக்கின கையை அப்படியே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுக்கப்பறம் அஞ்சு செவ்வாக்கெழமை அவன் பேசினானே. நான் கேட்டனே. அதாருங்க அம்மிணி?"

மைக் திறந்துதான் இருந்தது.

"நாந்தானுங்க" என்றேன்.